பிராட்வேக்குப் போகாத நாடகங்களையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில் நடந்த பழைய இசை நாடகங்களைக் கச்சேரி வடிவில், அதாவது பெரிய செட் இல்லாமல் இசைக்குழுவை மேடையிலேயே வைத்து, மறுபடியும் மேடையேற்றுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இந்தப் பொருளில் இவ்வளவு நீளமாக ஒரு கட்டுரை வந்ததே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் அதில் கேட்டிருந்த ஒரு கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. அன்றைக்கே ஓடாத நாடகத்தை இன்றைக்கு எதற்குத் தூசி தட்ட வேண்டும் என்பதுதான் அது.

முதலில், காணாமல் போன நாடகங்கள் எல்லாமே ஓடாதவை அல்ல. இப்படிக் கச்சேரி வடிவில் பழைய நாடகங்களை எடுக்கிற, நியூயார்க் சிட்டி சென்டர் அரங்கின் 'என்கோர்ஸ்' வரிசை 1994இல் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்டது 'ஃபியொரெல்லோ!' நாடகத்தை. 1959இல் வந்து 795 காட்சிகள் நடந்தது, புலிட்சர் பரிசும் வாங்கியது. இதற்கு மேல் ஒரு நாடகம் எப்படி வெற்றி பெறுவது? அப்படியிருந்தும் முப்பது வருடத்தில் அதைப் பார்த்தவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டியதாகிவிட்டது. நியூயார்க் மேயராக இருந்த லகார்டியாவின் கதை அது. சிட்டி சென்டர் கட்டடமே 1943இல் அவர் முயற்சியால்தான் பொதுமக்களுக்கான அரங்கமானது. அந்தக் கட்டடத்தில் அவருடைய நாடகத்தோடு வரிசையைத் தொடங்கியதை நினைத்தால் எனக்கு இப்போதும் நிறைவாக இருக்கிறது.

சரி, நிஜமாகவே ஓடாதவற்றுக்கு வருவோம். ஸ்டீவன் சாண்ட்ஹைம் இசையமைத்த 'எனிஒன் கேன் விசில்' 1964இல் ஒன்பதே காட்சிகளோடு நின்றுபோனது. நாடகம் மூடிய பிறகும் கொலம்பியா நிறுவனம் நடிகர்களை அழைத்துப் பாடல்களைப் பதிவு செய்து இசைத்தட்டாக வெளியிட்டது. அந்தத் தட்டு இல்லாமல் போயிருந்தால் 2010இல் என்கோர்ஸ் அதை எடுத்தபோது அரங்கில் பாதிப் பேருக்கு அந்தப் பெயரே தெரிந்திருக்காது. அவருடைய 'மெரிலி வீ ரோல் அலாங்' 1981இல் 16 காட்சிகளில் முடிந்தது. நடுவில் பலமுறை திருத்தப்பட்டு, 2012இல் என்கோர்ஸ் மேடைக்கும் வந்து, கடைசியில் பிராட்வேக்கே திரும்பியது. 2024இல் சிறந்த மறு தயாரிப்புக்கான டோனி விருது அதற்குத்தான். முதல் வாரம் விற்ற டிக்கெட்டைப் பார்த்து ஒரு நாடகத்துக்குத் தீர்ப்பு எழுதலாமா என்று கட்டுரையாளரைக் கேட்க விரும்புகிறேன்.

என் கட்சியை ஒரே ஒரு நாடகத்தை வைத்துச் சொல்ல வேண்டுமென்றால் 'தி கோல்டன் ஆப்பிள்' என்பேன். ஜெரோம் மொராஸ் இசை, ஜான் லட்டூஷ் எழுத்து, 1954. ஹோமரின் இரண்டு காவியங்களையும் தூக்கிக்கொண்டு வந்து, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருக்கும் ஒரு சிற்றூரில் வைத்துவிட்டார்கள். காவியத்தில் ஹெலனைக் கவர்ந்து போகும் இளவரசன் பாரிஸ், அங்கே ஊர் ஊராகச் சரக்கு விற்கிறவன். பலூனில் வந்து இறங்கி ஹெலனைக் கூட்டிக்கொண்டு போகிறான். முழுக்க முழுக்கப் பாட்டு. அந்த வருடம் நியூயார்க் நாடக விமர்சகர்கள் சிறந்த இசை நாடகமாகத் தேர்ந்தெடுத்தது இதைத்தான். ஆனால் பிராட்வேயில் 125 காட்சிகள்தான் நடந்தது. அப்போது வந்த இசைத்தட்டிலும் முழு நாடகம் இல்லை. ஒரே தட்டில் அடக்குவதற்காகப் பாட்டுகளை வெட்டி, இடையில் கதை சொல்லி ஒட்டியிருந்தார்கள். நான் பல வருடம் கேட்டுக்கொண்டிருந்தது அந்த வெட்டுப்பட்ட தட்டைத்தான்.

2017 மே மாதம் என்கோர்ஸில் அதைப் பார்த்தேன். மேல் மாடியில் பின் வரிசை இருக்கை. இசைக்குழு வழக்கம்போல மேடைக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தில் ஒளிந்திருக்கவில்லை, மேடையிலேயே உட்கார்ந்திருந்தது. ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு எப்படிப் பிறக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. தட்டில் கதை சொல்பவர் குரல் வரும் இடங்களில் எல்லாம் உண்மையில் இசை இருந்திருக்கிறது! என் காதில் அத்தனை நாளாக இருந்தது நாடகத்தின் எலும்புக்கூடு. வெளியே வந்து ரொம்ப நேரம் யாரோடும் பேசத் தோன்றவில்லை.

இங்கேதான் கட்டுரையில் விட்டுப்போன விஷயத்தைச் சொல்ல வேண்டும். பிராட்வே இசையமைப்பாளர்களில் பெரும்பாலானவர்கள் பியானோவுக்கும் குரலுக்கும்தான் எழுதிக் கொடுப்பார்கள். வயலின் எங்கே நுழையும், கிளாரினெட் எங்கே பதில் சொல்லும் என்று பிரித்து எழுதுகிறவர் வேறொருவர். ராபர்ட் ரஸ்ஸல் பென்னட், ஹான்ஸ் ஷ்பியாலெக், டான் வாக்கர் போன்ற பெயர்கள் விளம்பரத்தில் பெரிதாக வந்ததில்லை. ஆனால் அந்தக் காலத்து பிராட்வே என்றதும் நம் காதில் விழுகிற ஒலி இவர்கள் கையெழுத்து. (கர்ட் வைல் போல எல்லாவற்றையும் தானே எழுதிக்கொண்டவர்கள் அபூர்வம்.) நாடகம் முடிந்ததும் அந்தத் தாள்கள் பெட்டிக்குள் போகும். பெட்டி கிடங்குக்குப் போகும். அப்புறம் யாரும் தேடுவதில்லை. 1982இல் நியூ ஜெர்சியில் சிகாகஸ் என்ற இடத்தில் ஒரு இசைப் பதிப்பகத்தின் கிடங்கைத் திறந்தபோது, கெர்ஷ்வின், ஜெரோம் கெர்ன், கோல் போர்ட்டர் போன்றவர்களின் தொலைந்துபோனதாக நினைத்த கைப்பிரதிகள் பெட்டி பெட்டியாகக் கிடைத்தன. கிடைத்தது அதிர்ஷ்டம். அப்படிக் கிடைக்காமல் குப்பைக்குப் போனவை எத்தனையோ.

தாள் கிடைத்துவிட்டால் மட்டும் போதாது, அதை வாசிக்க ஆள் வேண்டும். என்கோர்ஸ் மேடையில் சுமார் முப்பது பேர் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். இன்று பிராட்வேயில் ஒரு பழைய நாடகத்தை எடுத்தால் பல சமயம் அதில் பாதிப் பேர்தான் இருப்பார்கள். மீதியைக் கீபோர்டு பார்த்துக்கொள்ளும். செட்டும் உடையும் பிரமாதமாக இருக்கும், காதுக்கு மட்டும் பத்தாது. கச்சேரி வடிவம் இதைத் தலைகீழாக்குகிறது. செட்டுக்குப் போகிற பணத்தை இசைக்குத் திருப்புகிறது. ஒத்திகைக்குப் பத்து நாள்தான் கிடைக்கும் என்பதால் நடிகர்கள் கையில் பிரதி இருக்கும். அதைக் கட்டுரையாளர் ஒரு குறையாக எழுதியிருக்கிறார். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. பிரதி கையில் இருப்பதால்தான் பிரபலமான நடிகர்கள் மூன்று மாதம் ஒதுக்காமல் மூன்று வாரத்தில் வந்து பாடிவிட்டுப் போக முடிகிறது. அரிய நாடகத்துக்கு அரங்கு நிறைவதற்கு அவர்கள் வருவதும் ஒரு காரணம்.

கச்சேரி வடிவம் ஒரு நாடகத்தை எப்படிக் காப்பாற்றும் என்பதற்கு சாண்ட்ஹைமின் 'ஃபாலீஸ்' நல்ல உதாரணம். 1971இல் வந்த முதல் பதிவில் பாட்டுகளை ஈவிரக்கமில்லாமல் வெட்டியிருந்தார்கள். 1985இல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு அதைக் கச்சேரியாக நடத்திப் பதிவு செய்த பிறகுதான் உலகம் அதை ஒழுங்காகக் கேட்டது.

இனி என் மனக்குறை. இது கட்டுரையாளர் மேல் இல்லை, இந்த வரிசைகளை நடத்துகிறவர்களிடம் சொல்ல வேண்டியது. 1975இல் வந்த 'சிகாகோ', 'எ கோரஸ் லைன்' நாடகத்தின் நிழலில் மங்கிப்போனது. 1996 மே மாதம் என்கோர்ஸ் அதை எடுத்தது. அதே வருடம் நவம்பரில் பிராட்வேக்குப் போனது. இசைக்குழுவை மேடையில் வைத்த அதே அமைப்போடு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அற்புதமான கதைதான். ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு நாடகத்தைப் பற்றியும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி 'இது பிராட்வேக்குப் போகுமா' என்பதாகிவிட்டது. போகக்கூடியதாகப் பார்த்து எடுக்கத் தொடங்கினால், போகவே முடியாததை யார் எடுப்பார்கள்?

2022இல் என்கோர்ஸ் 'இன்ட்டு தி வுட்ஸ்' எடுத்தது. அதே வருடம் பிராட்வேக்கும் போனது. நானும் ரசித்தேன், பாடினவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது பள்ளிக்கூடங்களில் கூட விடாமல் போடுகிற நாடகம். அதற்கு உதவி தேவையில்லை. வருடத்துக்கு மூன்று நாடகம் எடுக்கிற ஒரு வரிசையில் ஓர் இடம் என்பது சின்ன விஷயமா? அந்த இடத்துக்கு ஐம்பது வருடமாக ஏதோ ஒரு நாடகம் கிடங்கில் காத்திருந்திருக்கும்.

பழைய நாடகங்களின் வசனத்தில் இன்றைக்குச் சொல்லக் கூடாதவை உண்டு என்பதைக் கட்டுரை சரியாகவே சுட்டிக்காட்டியது. பூர்வகுடிகளையும் பெண்களையும் பற்றிய சில வரிகளைக் கேட்டால் எனக்கும் கூசுகிறது. வசனத்தைச் சுருக்கலாம், எடுக்க வேண்டியதை எடுக்கலாம். கச்சேரி வடிவத்தில் எப்படியும் வசனத்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். இசையில் மட்டும் கை வைக்காதீர்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன்.

இது நியூயார்க்கில் மட்டும் நடக்கிற வேலையும் இல்லை. லண்டனில் 'லாஸ்ட் மியூசிக்கல்ஸ்' 1989இலேயே தொடங்கியது. சான் ஃபிரான்சிஸ்கோவில் 'ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட் மூன்' 1993இல். என்கோர்ஸுக்கு முன்பே பிறந்தவை, அதைவிடச் சின்னக் கைகளால் நடத்தப்பட்டவை. கட்டுரையில் இரண்டு பெயரும் வரவில்லை.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் இதழ் இந்த வரிசைகளைப் பற்றி எழுதுவது பெரும்பாலும் ஏதாவது ஒரு நாடகம் பிராட்வேக்குப் போன பிறகுதான். அதற்குள் கச்சேரி முடிந்து பல மாதம் ஆகியிருக்கும். அடுத்த பருவத்தின் பட்டியல் வெளியானதும், அதில் யாருக்குமே தெரியாத பெயர் எது என்று பாருங்கள். அதை எழுதியவர் யார், இசையை வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதியவர் யார், தாள்கள் எங்கே கிடந்தன என்று விசாரித்து, திரை விலகுவதற்கு முன்பே ஒரு பக்கம் எழுதுங்கள். அத்தகைய நாடகங்களுக்குச் சில நாள் காட்சிகள்தான். வாசகர்களுக்கு அது முன்கூட்டியே தெரிந்தால் போய் உட்காரலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்