விற்றால் எவ்வளவு போகும் என்று கேட்டாயே

கண்ணு,

உன் திங்க்பேட் லேப்டாப்பை விற்றால் எவ்வளவு போகும் என்று ஒற்றை வரி அனுப்பியிருந்தாய். திருப்பிக் கூப்பிட்டால் மீட்டிங் என்கிறாய். சரி, எழுதியே சொல்கிறேன். விற்காதே. இந்த அக்டோபர் வரைக்குமாவது வைத்திரு.

உன்னுடையது டி470 மாடல், ஏழாம் தலைமுறை இன்டெல் ஐ5 ப்ராசசர். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் கேட்கிறது. ஒரே ஒரு படியில் வெளியே நின்றுவிட்டது. விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்பது பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய கம்ப்யூட்டர் வாங்குகிற கடைக்காரர்களுக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும். ஆறாயிரம், ஏழாயிரம் என்று ஆரம்பித்து, பேட்டரி நிற்கவில்லை, கீபோர்டு தேய்ந்திருக்கிறது என்று இறக்கிக்கொண்டே போவார்கள். அந்தக் காசில் உருப்படியாக எந்த மெஷினும் வராது. காசுதான் இப்போது வேண்டுமென்றால் அதற்கு லேப்டாப்பைத் தொடாதே, என்னிடம் சொல்.

ஆபீஸில் கொடுத்த லேப்டாப் உன்னிடம்தானே இருக்கிறது? சும்மா கேட்டேன். அது இருந்தால் இது உபரி. இல்லையென்றால் விற்கிற பேச்சையே எடுக்காதே.

முதலில் அதன் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார். டி470-இல் பேட்டரி இரண்டு. உள்ளே ஒன்று 24 வாட்-ஹவர், பின்னால் கழற்றி மாட்டுவது ஒன்று. கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து powercfg /batteryreport என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஒரு ஃபைல் உருவாகும். எங்கே உருவானது என்று அதுவே சொல்லும். அதில் ஒவ்வொரு பேட்டரிக்கும் டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்று இரண்டு எண் இருக்கும். இரண்டாவது முதலாவதில் பாதிக்குக் கீழே போயிருந்தால் மாற்று. பின்னால் இருப்பதை மட்டும் மாற்றினால் போதும், ஸ்க்ரூட்ரைவரே வேண்டாம். ஆனால் டச்பேட் மேலே தூக்கியிருந்தாலோ அடிமூடி உப்பியிருந்தாலோ உள்பேட்டரி வீங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே நிறுத்து, சார்ஜ் போடாதே, அழுத்தாதே, நெம்பாதே. கடையில் கொடு.

அடுத்தது ரேம். 8 ஜிபி ஒரே துண்டாக இருக்கிறது, பக்கத்து ஸ்லாட் காலி. இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 லேப்டாப் ரேம் போட்டால் 16 ஆகும். 2400 போட்டாலும் 2666 போட்டாலும் 2133 வேகத்துக்கு இறங்கி ஓடும், பயமில்லை. டிடிஆர்5 வாங்கிவிடாதே, ஸ்லாட்டில் உட்காராது. ரேம் விலை இப்போது ஏறிக் கிடப்பதால் பழைய துண்டே போதும், கடையிலேயே போட்டு மெஷின் 16 காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடு. திறப்பதற்கு முன் பயாஸில், அதாவது விண்டோஸ் ஏறுவதற்கு முன் திறக்கிற அடிப்படை செட்டிங்ஸில், பவர் பகுதிக்குப் போய் உள்பேட்டரியை டிஸேபிள் செய்யச் சொல், பின் பேட்டரியையும் கழற்றச் சொல். இதைச் செய்யாமல் திறந்து போர்டை ஷார்ட் ஆக்குகிறவர்கள் உண்டு. திறந்த கையோடு ஃபேன் தூசியை எடுத்துவிட்டு ப்ராசசர்மேல் அரிசி அளவு தெர்மல் பேஸ்ட், அதுதான் சூட்டைக் கடத்துகிற பசை, வைத்துவிட்டால், பத்து நிமிடத்தில் சூடாகி இழுக்கிற தொல்லை குறையும். காற்றடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

விண்டோஸ் விஷயம். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டால் இந்த மெஷினில் நன்றாக ஓடும், ஆனால் கணக்கு எழுத உனக்கு டேலி வேண்டும், டிஜிட்டல் கையெழுத்துக்கு டிஎஸ்சி டோக்கன் வேண்டும். அதோடு பல கம்பெனிகள் வைக்கிற ஆன்லைன் தேர்வு சாஃப்ட்வேர் விண்டோஸ்தான் கேட்கும். பொதுவாகச் சொல்கிறேன். விண்டோஸ் 11-ஐக் குறுக்குவழியில் ஏற்றலாம், ஓடவும் ஓடும். அப்டேட்டுக்கு உத்தரவாதம் இல்லை, வருஷாவருஷம் பெரிய அப்டேட் வரும்போது மறுபடி மல்லுக்கட்ட வேண்டும். கிளையன்ட் கணக்கு இருக்கிற மெஷினில் நான் செய்யமாட்டேன். அதற்குப் பதில் விண்டோஸ் 10-லேயே இரு, விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் இஎஸ்யு என்கிற நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்துகொள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் சைன்-இன் செய்து செட்டிங்ஸை பேக்கப் எடுத்தால் காசில்லை, 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். அதனால்தான் அக்டோபர் என்றேன்.

ஆடிட்டர் பரீட்சையில் இரண்டு குரூப்பையும் ஒரே மூச்சில் நீ முடித்தது இதே மெஷினில்தான். ஜிஎஸ்டியில் சந்தேகம் என்றால் சீனியரே உன்னிடம் வருகிறார் என்று அப்பா இன்னும் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவ்வளவு தெரிந்தவளுக்கு வீட்டுக்கு இரண்டு வார்த்தை பேச நேரமில்லை. பெரியம்மா வீட்டு விசேஷத்துக்கும் வரவில்லை, ஏன் என்றும் சொல்லவில்லை. போகட்டும்.

புதிது வாங்குவதாக இருந்தால் அவசரப்படாதே. ரேம் ஏறினால் லேப்டாப்பும் ஏறும். 16 ஜிபிக்குக் குறைந்து வாங்காதே, ரேம் போர்டோடு சால்டர் செய்ததா, ஸ்லாட் உண்டா என்று கேள். ஏஎம்டி ரைசன் 7000 வரிசை ப்ராசசர் என்றால் எண்ணின் மூன்றாவது இலக்கத்தைப் பார்: 7520யு-வில் அது 2, அதாவது ஜென் 2 என்கிற பழைய வடிவமைப்பு. 7530யு ஜென் 3. பெட்டிமேல் இரண்டுக்கும் ஒரே ரைசன் 5 ஸ்டிக்கர்தான் இருக்கும். ரீஃபர்பிஷ்ட் போதும் என்றால் இன்டெல் பதினொன்றாம் தலைமுறைக்குக் கீழே இறங்காதே. கடையிலேயே பயாஸுக்குள் போய்ப் பார், சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் கேட்டால் அப்படியே வைத்துவிட்டு வா. திங்க்பேடில் அதை மறந்தால் போர்டில் இருக்கிற சின்ன பட்டன் செல்லைக் கழற்றினாலும் போகாது, போர்டையே மாற்றச் சொல்வார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு விற்கத்தான் போகிறாய் என்றால் உள்ளே இருக்கிற எஸ்எஸ்டி டிஸ்க்கோடு விற்காதே. அது இரண்டரை இஞ்ச் சாட்டா வகைதான், ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டால் வெளி டிஸ்க் ஆகிவிடும். உன் ஃபார்ம் 16, ஊதியச் சீட்டு, சான்றிதழ் ஸ்கேன் எல்லாம் அதில்தான் இருக்கின்றன, எப்போது வேண்டுமானாலும் தேவைப்படும். ஃபார்மட் செய்துவிட்டேன் என்று எவன் சொன்னாலும் நம்பாதே. எஸ்எஸ்டியைக் கொடுக்காதே. கழற்றுவதற்கு முன் டேலி லைசென்ஸை சரண்டர் செய், மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து இந்த மெஷினை நீக்கு, பயாஸில் பாஸ்வேர்ட் வைத்திருந்தால் எடுத்துவிடு. சார்ஜரும் பில்லும் சேர்த்துக் கொடுத்தால் கொஞ்சம் கூடக் கிடைக்கும். பில் மாடி பீரோவில் என் ஃபைலில் இருக்கிறது. தபாலிலும் அனுப்பலாம், நீயே வந்தும் எடுத்துக்கொள்ளலாம்.

வேலை எப்படிப் போகிறது என்று நான் கேட்கப்போவதில்லை. ஆனால் வீடியோவில் யாரிடமாவது பேச வேண்டியிருந்தால் அந்த 720பி கேமரா போதும், முகத்துக்கு எதிரே வெளிச்சம் இருக்கிற மாதிரி உட்கார். மைக் இரைந்தால் வயர் இயர்போன் போடு.

பேட்டரி ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு, இரண்டு பேட்டரியின் எண்களும் தெரிய வேண்டும். ஞாயிறு காலையில் அப்பா பத்து மணிக்கு மேல்தான் கடையிலிருந்து வருவார். அதற்கு முன்னால் கூப்பிடு.

அம்மா