நம் கேசட்டில் விடுபட்ட இடம்

நியூகாசில், ஆஸ்திரேலியா
ஜூலை, ஞாயிற்றுக்கிழமை இரவு

இயேசுவுக்கே புகழ்!

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி எழுதுகிறேன். நாங்கள் மூவரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? அண்ணியும் பிள்ளைகளும் சுகமா?

நேற்றுதானே தொலைபேசியில் பேசினோம், இப்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். இந்தப் பார்சலில் ஒரு சி.டி. வைத்திருக்கிறேன். அதன் கதையைத் தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் பாப்பா அழுவாள், இல்லையென்றால் உங்களுக்குச் சவாரி வந்துவிடும். கடிதமாக இருந்தால் அம்மாவும் வேண்டியபோதெல்லாம் வாசித்துக் காட்டச் சொல்லலாம்.

இங்கே இப்போது கடுங்குளிர். ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. வேலை முடிந்து படகுத்துறைக்கு நடந்து வரும்போது காது மடல் மரத்துப் போகிறது. வாடகை குறைவு என்பதால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்டாக்டனில் வீடு எடுத்திருக்கிறோம் என்று சொன்னேன் அல்லவா? ஹன்டர் ஆற்றைப் படகில் கடக்கச் சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடங்களில் தினமும் ஏதாவது ஒரு நிலக்கரிக் கப்பல் பக்கத்தில் போகும். உலகத்திலேயே அதிக நிலக்கரி ஏற்றுமதியாகும் துறைமுகம் இது. தூத்துக்குடியில் நிலக்கரி வந்து இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவன், இங்கே அது ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அப்பா இருந்திருந்தால் இங்குள்ள கிரேன்களை ஒரு நாள் முழுக்க நின்று பார்த்திருப்பார்.

இனி சி.டி. விஷயம். நம் பங்கில் வின்சென்ட் தே பவுல் சபை ஏழைகளுக்கு அரிசியும் துணியும் கொடுக்குமே, அதே சபைக்கு இங்கே ஊருக்கு ஊர் கடை இருக்கிறது. மக்கள் கொடுக்கும் பழைய துணி, பாத்திரம், புத்தகம் எல்லாவற்றையும் அங்கே மலிவாக விற்று, அந்தப் பணத்தில் உதவி செய்கிறார்கள். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை, பாப்பாவின் தொட்டில், என் குளிர் கோட்டு எல்லாம் அங்கே வாங்கியவைதான். மூன்று வாரத்துக்கு முன் கம்பளி தேடிப் போனபோது, ஒரு அட்டைப் பெட்டியில் கிடந்த சி.டி.க்களைப் புரட்டினேன். கொண்டை போல உயர்த்தி வாரிய முடி, பழைய படத்துக் கதாநாயகனைப் போல மெல்லிய மீசை, வாயை அகலத் திறந்த முகம். அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர் லிட்டில் ரிச்சர்ட். நம் கேசட்டில் இருந்த அதே படம், அதே பாட்டுகள், அதே வரிசை. விலை 2 டாலர். கம்பளியை மறந்துவிட்டு அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தக் கேசட்டைக் கப்பலில் வந்த ஒருவர் அப்பாவுக்குக் கொடுத்தார். அப்பா அதைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்த மாலை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. முதல் பாட்டு ஓடியதும் அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்து, யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். ‘டூட்டி ஃப்ரூட்டி’ என்று அவர் கத்தும்போது நமக்குத் தெரிந்ததெல்லாம் பேக்கரி பன்னில் ஒட்டியிருக்கும் சிவப்பும் பச்சையுமான இனிப்புத் துண்டுகள்தான். பன்னுக்காக ஒருவர் இவ்வளவு உயிரை விட்டுப் பாடுகிறாரே என்று எனக்கு அவர்மேல் தனிப் பிரியம். நாலைந்து நாள் கேட்ட பிறகு அம்மா சொன்னது உங்களுக்கு நினைவிருக்கிறதா? “இவன் கோயிலில் பாட வேண்டியவன்.”

அம்மா சொன்னது எவ்வளவு சரி என்று இந்த ஊருக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். 1957 அக்டோபரில் லிட்டில் ரிச்சர்ட் ஆஸ்திரேலியாவில் ஊர் ஊராகப் பாடினார். இந்த நியூகாசிலிலும் பாடினார். அப்போது அவருக்கு 24 வயது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அவர் பாட்டைக் கேட்காத இளைஞர்கள் இல்லை. அந்தப் பயணத்தின் நடுவில்தான், இனி ஆண்டவருக்கு மட்டுமே பாடுவேன் என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டார். அந்த மாதம் 4ஆம் தேதி சோவியத் ரஷ்யா ஸ்புட்னிக் என்ற செயற்கைக்கோளை ஏவியிருந்தது. வானத்தில் ஒரு நெருப்புப் பந்தைப் பார்த்ததாகவும், அதைத் தனக்கு வந்த அடையாளமாக எடுத்துக்கொண்டதாகவும் அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். கூட வாசித்தவர்களில் ஒருவர் நம்பாமல் கேலி செய்ய, விரலில் இருந்த வைர மோதிரத்தைக் கழற்றித் தண்ணீரில் எறிந்தாராம். எறிந்தது எங்கே தெரியுமா? நான் தினமும் போகும் இந்த ஸ்டாக்டன் படகிலிருந்து, இந்த ஹன்டர் ஆற்றில். சிட்னியில்தான் எறிந்தார் என்று சொல்பவர்களும் உண்டு. இந்த ஊர்க்காரர்கள் விட்டுக்கொடுப்பதில்லை. நானும் இப்போது இந்த ஊர்க்காரன், இங்கேதான் என்று நம்புகிறேன். பிறகு அவர் அலபாமாவில் ஓக்வுட் என்ற கிறிஸ்தவக் கல்லூரிக்கு வேதம் படிக்கப் போனார், தேவாலயங்களில் பாடினார். 1962இல் வந்த அவருடைய பக்திப் பாடல் தட்டு ஒன்றுக்குப் பெயர்பெற்ற இசையமைப்பாளர் குவின்சி ஜோன்ஸ் இசைப் பொறுப்பு ஏற்றிருந்தார். அம்மாவிடம் சொல்லுங்கள்.

அதே 1962இல் இங்கிலாந்துக்குப் பாடப் போனவர் மறுபடியும் பழைய பாட்டுகளுக்குத் திரும்பிவிட்டார். இதை அம்மாவிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம்.

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் 86 வயதுப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். இங்கே எவ்வளவு வயதானவரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை, “ஐயா” என்றுதான் கூப்பிடுகிறேன். அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்ட நாள் முதல், வேறு யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால்கூட என்னைப் பார்த்துச் சிரிப்பார். இந்த ஊரின் பெரிய இரும்பாலை 1999இல் மூடும் வரை அங்கே வேலை பார்த்தவர்களுடன் பழகியவர், இளமையில் நடன அரங்குகளில் டிரம் வாசித்தவர். அவருக்குச் சவரம் செய்துவிடும்போது இந்தச் சி.டி.யைப் போட்டேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை, கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். “பாடுவது அவர்தான். ஆனால் இது அது இல்லை. டிரம் வேறு ஆள்” என்றார்.

எனக்குச் சவரக் கத்தி கையிலேயே நின்றுவிட்டது. சி.டி. அட்டையின் பின்பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில், பாடகரே மறுபடி பாடிப் பதிவு செய்தவை என்று போட்டிருந்தது. அன்று இரவே அசல் பதிவுகளைத் தேடிக் கேட்டேன். அண்ணே, நாம் சிறு வயதில் கேட்டது அசல் இல்லை.

அசல்கள் 1955 முதல் ஸ்பெஷாலிட்டி என்ற கம்பெனிக்காகப் பாடியவை. ‘டூட்டி ஃப்ரூட்டி’ நியூ ஆர்லியன்ஸில், ஒரு கடையின் பின்னறையில் காசிமோ மட்டாஸா என்பவர் வைத்திருந்த சிறிய ஸ்டூடியோவில் பிறந்தது. அன்று பாடிய மற்ற பாட்டுகளில் உயிர் இல்லை என்று எல்லோரும் சோர்ந்து சாப்பிடப் போன இடத்தில், ஒரு பியானோவைப் பார்த்ததும் உட்கார்ந்து, மேடையில் விளையாட்டாகப் பாடும் கொச்சையான பாட்டு ஒன்றை அடித்து நொறுக்கியிருக்கிறார். பதிவை நடத்தியவர் அதைப் பிடித்துக்கொண்டு, டோரதி லாபாஸ்ட்ரி என்ற பெண்ணை அழைத்து வார்த்தைகளைத் திருத்தி எழுதச் சொல்லி, மீதியிருந்த கால் மணி நேரத்தில் பதிவு செய்துவிட்டார். டிரம் வாசித்தவர் ஏர்ல் பாமர். ரிச்சர்டின் வலது கை பியானோவில் இடைவிடாமல் குத்திக்கொண்டே போகிறது. அதுவரை எல்லோரும் வாசித்து வந்த ஊஞ்சல் போன்ற தாளம் அந்தக் கைக்கு ஈடு கொடுக்காது என்று பாமர் நேர்த்தாளத்துக்கு மாறினார். பெரியவர் தன் சக்கர நாற்காலியின் கைப்பிடியில் இரண்டையும் தட்டிக் காட்டினார். முதலில் ஆடி ஆடி வரும் தாளம், பிறகு அந்த நேர்த்தாளம். விரல்கள் வாதத்தால் வளைந்தவை. ஆனாலும் வித்தியாசம் தெளிவாகக் கேட்டது.

அந்தப் பாட்டின் வெளியீட்டு உரிமை 50 டாலருக்கு அவரிடமிருந்து போய்விட்டது. ஒரு தட்டு விற்றால் அவருக்கு அரை சென்ட் என்றுதான் ஒப்பந்தம். அதே பாட்டைப் பேட் பூன் என்ற வெள்ளைக்காரர் மென்மையாகப் பாடி வெளியிட, அது அமெரிக்கப் பட்டியலில் இவருடையதைவிட மேலே போனது. ரிச்சர்ட் மேடைக்குத் திரும்பியபோது பழைய பதிவுகள் பழைய கம்பெனியின் கையில் இருந்தன. ஆகவே 1964, 65 வாக்கில் சிகாகோவின் வீ-ஜே கம்பெனிக்காகத் தன் பாட்டுகளைத் தானே மறுபடியும் பாடினார். இரண்டே ஆண்டில் அந்தக் கம்பெனியும் நொடித்துப்போனது. இப்படிப்பட்ட மறுபதிவுகள்தான் கை மாறிக் கை மாறி, மலிவுத் தொகுப்புகளாக உலகமெல்லாம் போயின. நம் வீட்டுக்கு வந்ததும் அந்த வழியில்தான்.

இரண்டையும் பத்துப் பதினைந்து முறை மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டும், அசலுக்குப் பக்கத்தில் நம்முடையது நிற்கவில்லை. அசலில் சாக்ஸபோன்கள் எருமைக் கூட்டம் இறங்கி வருவது போலக் கனமாக இருக்கின்றன. குரல் உச்சத்துக்குப் போகும்போது பதிவுக் கருவியே தாங்காமல் கிழிகிறது. நம்முடையதில் எல்லாம் சுத்தமாக, கொஞ்சம் அவசரமாக, எப்படிப் பாட வேண்டும் என்று முன்பே தெரிந்தவர் பாடுவது போல இருக்கிறது. ‘லாங் டால் சாலி’யில் இந்த வேறுபாடு வலிக்கும் அளவுக்குத் தெரிகிறது. இப்போது பாப்பாவுக்குப் போட்டுக் காட்டுவதென்றால் அசலைத்தான் போடுவேன்.

ஒரு பாட்டில் மட்டும் நான் நம் கேசட்டின் பக்கம். ‘சென்ட் மீ சம் லவின்’. மெதுவாகப் போகும் பாட்டு. சிறு வயதில் அது வந்தாலே ஓட்டிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவோம். தூரத்தில் இருப்பவளிடம் உன் படத்தையாவது அனுப்பு என்று கேட்கிறான், அவ்வளவுதான் பாட்டு. இளம் வயதில் பாடியதில் அழகு அதிகம். மறுபடி பாடியபோது அவருக்கு முப்பது தாண்டிவிட்டது. எல்லாவற்றையும் ஒரு முறை விட்டுவிட்டுத் திரும்பி வந்திருந்தார். அந்தக் குரலில் கொஞ்சம் மணல் இருக்கிறது. முதல் ஆண்டு நான் மட்டும் இங்கே தனியாக இருந்தேனே, அப்போது அண்ணி அனுப்பிய உங்கள் எல்லோருடைய படமும் நினைவுக்கு வந்துவிட்டது. அம்மா அதில் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்கள். அதை இன்னும் படுக்கையறைச் சுவரில் வைத்திருக்கிறேன்.

பெரியவருக்கு இப்போது தினமும் ஒரு பாட்டு. அசலைப் போட்டால் தாளம் தட்டுவார். ‘லூசில்’ போட்டால் மட்டும் தட்டாமல் கவனித்துக் கேட்பார். ரிச்சர்ட் பிறந்த மேக்கன் ஊரில் வீட்டுக்குப் பக்கத்தில் ஓடிய ரயிலின் ஓசையிலிருந்துதான் அந்தத் தாளம் வந்ததாம். இங்கே நிலக்கரி ரயில்கள் இரவெல்லாம் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். நள்ளிரவு வேலையில் ஜன்னலோரம் நின்றால் கேட்கும்.

‘லூசில்’ என்றதும் உங்களுக்கு நினைவு வந்திருக்கும். அந்த இடத்தில்தான் டேப் சிக்கி அறுந்தது. நீங்கள் பென்சிலால் சுற்றி எடுத்து, கசங்கிய பகுதியை வெட்டிவிட்டு, அத்தையின் நகப்பூச்சு வைத்து ஒட்டினீர்கள். அதன் பிறகு அந்தப் பாட்டு நடுவில் ஒரு தாண்டு தாண்டிவிடும். நாமும் பாடும்போது அதே இடத்தில் தாண்டியே பாடுவோம். அசல் பதிவைக் கேட்கும்போதுகூட என் மனது அங்கே தாண்டுகிறது.

இந்தச் சி.டி.யில் அந்தத் துண்டு இருக்கிறது. நம் கேசட்டில் இருந்த அதே பதிவு, நாம் வெட்டி எறிந்த அந்த நான்கைந்து நொடிகளோடு. கேட்டபோது படகில் இருந்தேன், காதில் கருவி. இறங்க மறந்து மறுபடியும் இந்தக் கரைக்கே வந்துவிட்டேன். அதில் என்ன இருக்கிறது என்று எழுதமாட்டேன், நீங்களே கேளுங்கள்.

வேனில் சி.டி. பிளேயர் இன்னும் வேலை செய்கிறதல்லவா? ஞாயிறு பூசை முடிந்து வரும்போது அம்மாவை முன் சீட்டில் உட்கார வைத்துப் போடுங்கள். சத்தத்தை அதிகமாக வைக்க வேண்டாம், முதல் பாட்டில் பயந்துவிடுவார்கள். ‘லூசில்’ வரும்போது ஓரமாக நிறுத்திவிடுங்கள்.

சி.டி.க்குக் கீழே அம்மாவின் முழங்காலுக்குக் களிம்பு வைத்திருக்கிறேன். இரவில் மட்டும் தேய்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குச் சாக்லேட் இருக்கிறது. இங்கே எல்லாம் கிடைக்கிறது, நம் ஊர் மக்ரூன் மட்டும் கிடைக்கவில்லை. யாராவது இந்தப் பக்கம் வந்தால் கால் கிலோ கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி