ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வரும் வாடிக்கையாளர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வழக்கமாக நம் கடைக்கு வரும் அம்மா ஒருவர் கசங்கிய தாள் ஒன்றைக் கவுண்டரில் வைத்தார். மெரினாவில் வாங்கிய சுண்டல் பொட்டலம். தேங்காய்த் துருவல் ஒட்டியிருந்த அந்தத் தாளைப் பிரித்தால், யாரோ ஒரு பையனின் ஆதார் நகல். முகம் கறுப்பாக விழுந்திருந்தது. ஆனால் 12 இலக்க எண், பிறந்த தேதி, அப்பா பெயர், சொந்த ஊர் முகவரி எல்லாம் பளிச்சென்று இருந்தன. இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று. அதைப் பார்த்ததும் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் மெஷினின் டிரம்மில் கீறல் இருந்தபோது எல்லா நகலிலும் அந்தக் கோடுதான் விழுந்தது.

சரியாக விழாத நகல்களைச் சாக்கில் கட்டிப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டது நாங்கள்தான். அந்த அம்மா திட்டவில்லை. “இப்படி என் அட்டை எத்தனை போச்சோ?” என்று மட்டும் கேட்டார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. உங்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

ஆதார் வேண்டாம் என்று சொல்வதற்காக இந்த மடலை எழுதவில்லை. திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் தங்கி வேலை தேடும் பிள்ளைகளை நாங்கள் பல வருஷமாகப் பார்த்து வருகிறோம். முகவரிச் சான்று இல்லாமல் ஒரு பேங்க் கணக்குத் தொடங்க அவர்கள் அலைந்த அலைச்சல் எங்களுக்குத் தெரியும். 2010 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் தெம்பிளி கிராமத்தில் முதல் எண்ணைக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் அந்த அலைச்சல் பெரிதும் குறைந்தது உண்மை. ஆனால் எங்கே போனாலும் “ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு குடுங்க” என்பதும் கூடவே வந்துவிட்டது. கொடுத்த நகல் அப்புறம் எங்கே போகிறது என்று நாமும் கேட்பதில்லை, வாங்குகிறவர்களும் சொல்வதில்லை.

எண்ணை மட்டும் வைத்து யாரும் உங்கள் பணத்தை எடுத்துவிட முடியாது. ஆனால் எண்ணும் பிறந்த தேதியும் முகவரியும் ஒரே தாளில் கிடைத்தால், பேங்கிலிருந்து பேசுவதாகப் போன் செய்கிறவன் சொல்வதை நாம் நம்பிவிடுவோம். பாஸ்வேர்டு கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஆதார் எண் ஆயுசுக்கும் ஒன்றுதான், கைரேகையும் அப்படித்தான். 2018-ல் தெலங்கானாவில் ஒருவர், பத்திரப்பதிவுத் துறையின் இணையதளத்தில் இருந்த பத்திரங்களிலிருந்து கைரேகைகளை எடுத்து, ரப்பர் ஸ்டாம்ப் செய்கிற முறையில் வார்த்து, அவற்றைக் கொண்டு சிம் கார்டுகளை ஆக்டிவேட் செய்து பிடிபட்டார். நம் கடையிலும் ரப்பர் ஸ்டாம்ப் செய்கிறோம் என்பதால் அந்தச் செய்தி எங்களை ரொம்பவே உறுத்தியது.

சட்டம் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்கிறீர்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார்கள். அடுத்த வருஷம் செப்டம்பரில் வந்த ஆதார் தீர்ப்பு, அரசு மானியத்துக்கும் வருமான வரிக்கும் ஆதாரை ஏற்றுக்கொண்டது. பேங்க் கணக்குக்கும் சிம் கார்டுக்கும் கட்டாயமாக்கக் கூடாது என்றது. 2023-ல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எதற்காக வாங்கினார்களோ அதற்கு மட்டும் பயன்படுத்த வேண்டும், வேலை முடிந்ததும் அழிக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. ஆனால் அது கம்ப்யூட்டரில் ஏறிய தகவலுக்கான சட்டம். சுண்டல் பொட்டலமாகப் போன தாளுக்கு அது பொருந்தாது. அந்தத் தாளுக்கு ஜெராக்ஸ் கடைக்காரர்கள் நாங்கள்தான் பொறுப்பு.

அதனால் இந்த வாரத்திலிருந்து கடையில் சில மாற்றங்கள். பேப்பர் கிழிக்கும் மெஷின் ஒன்று வாங்கிக் கவுண்டர் மேலேயே வைத்திருக்கிறோம். கெட்டுப்போன நகலை உங்கள் கண்முன்னே அதில் விடுவோம். வாட்ஸப்பிலும் மெயிலிலும் நீங்கள் அனுப்பும் ஃபைலை, பிரிண்ட் எடுத்ததும் உங்களுக்குக் காட்டிவிட்டே அழிப்போம். “அடுத்த தடவைக்கு வச்சிருங்க” என்று சிலர் அன்பாகச் சொல்வீர்கள், இனி அது வேண்டாம். பெரிய மெஷினுக்குள் ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கிறது, ஸ்கேன் செய்தவை அதில் தங்கக்கூடும். அதைத் தினமும் ராத்திரி துடைக்கும்படி மெக்கானிக்கிடம் சொல்லி செட் செய்துவிட்டோம்.

அப்புறம், முதல் எண்களை மறைத்த ஆதார் (மாஸ்க்டு ஆதார்). ஆதார் தளத்தில் ஓடிபி போட்டால் முதல் 8 இலக்கங்களை மறைத்துக் கடைசி 4 மட்டும் தெரியும் பிரதியை இறக்கிக்கொள்ளலாம். மேன்ஷன் அறைக்கும் லாட்ஜுக்கும் அது தாராளமாகப் போதும். எப்படி எடுப்பது என்று தெரியாவிட்டால் போனோடு வாருங்கள், காசு வாங்காமல் எடுத்துத் தருகிறோம். அந்த பிடிஎஃப்பைத் திறக்கும் பாஸ்வேர்டு, உங்கள் பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்தும் பிறந்த வருஷமும்தான். கூட்டமாக இருக்கும்போது அதை உரக்கச் சொல்லாதீர்கள். கீபோர்டை உங்கள் பக்கம் திருப்பி வைக்கிறோம், நீங்களே அடியுங்கள்.

கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் அந்தத் தளத்திலேயே இருக்கிறது. ஆனால் ரேஷன் கடையில் கைரேகை வைக்கிற வீட்டுப் பெரியவர்கள், போகும் முன் அதைத் தற்காலிகமாகத் திறந்துவிட்டுப் போக வேண்டும். இல்லாவிட்டால் அரிசி வாங்காமல் திரும்ப வேண்டியிருக்கும்.

மெஷின் மூடிக்கு அடியில் நீங்கள் மறந்துவிட்டுப் போன 7 ஒரிஜினல் அட்டைகள் கல்லாவுக்குள் பூட்டி இருக்கின்றன. இரண்டு அட்டைகள் வந்து வருஷமாகிறது. இரவு 9 மணி வரை கடை திறந்திருக்கும். நீங்களே நேரில் வாருங்கள், போட்டோவையும் முகத்தையும் பார்த்துக் கொடுக்கிறோம். வேறு யாரையாவது அனுப்பினால் தர மாட்டோம்.

இப்படிக்கு,
உங்கள் ஜெராக்ஸ் கடை,
திருவல்லிக்கேணி, சென்னை