ஹிஸ்டரி வீடியோ போடுற தம்பி தங்கச்சிங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். யூடியூப்ல முதல் உலகப்போர் பத்தி தமிழ்ல வீடியோ போடுற எல்லாருக்கும் சேர்த்துதான் எழுதுறேன், கோச்சுக்காதீங்க. எம்டன்ங்கற ஜெர்மன் போர்க்கப்பல் கதையை ஆளாளுக்கு சொல்லிட்டீங்க, 1914 செப்டம்பர் 22 ராத்திரி அது குண்டு போட்டு மெட்ராஸ்ல எண்ணெய் டேங்க் எரிஞ்சது, "அவன் சரியான எம்டன்"ங்கற பேச்சு வந்தது எல்லாம் சூப்பர். ஆனா அடுத்த வரியிலயே "இந்தியாவும் போர்ல கலந்துகிட்டது"ன்னு தாண்டிப் போயிடுறீங்க பாருங்க, அங்கதான் எனக்கு இடிக்குது. கலந்துக்கறியான்னு நம்மள யாரு கேட்டா?

லண்டன்ல 1902ல இருந்தே பேரரசு பாதுகாப்புக் கமிட்டின்னு ஒண்ணு இருந்துச்சு. சண்டை வந்தா என்ன பண்றதுன்னு முன்னாடியே ப்ளான் போடுற இடம். 1911 மே மாசம் பிரிட்டிஷ் பேரரசுக்குள்ளயே சுயாட்சி இருந்த கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, நியூஃபவுண்ட்லாந்து பிரதமர்களை அங்க கூப்பிட்டு உட்கார வச்சு, வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் கிரே ஐரோப்பா நிலவரத்தை விளக்கினார். (அவங்களுக்கும் விளக்கம் மட்டும்தான், வெளியுறவுல முடிவெடுக்குற பொறுப்பை பங்கு போட முடியாதுன்னு பிரதமர் ஆஸ்குவித் சொல்லிட்டார்.) நமக்கு பிரதமரே கிடையாது, அப்புறம் யாரைக் கூப்பிடுவாங்க.

மூணே வருஷத்துல போர். பத்து லட்சத்துக்கும் மேல ஆளுங்களை இங்கிருந்து பிரான்ஸ், மெசபடோமியா, கலிபோலின்னு கப்பல் ஏத்தினாங்க, சுமார் 74,000 பேர் செத்தாங்க. 1917ல பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜ் பேரரசு போர் அமைச்சரவைன்னு கூட்டினப்போ இந்தியாவுக்கும் ஒரு நாற்காலி கிடைச்சது, ஆனா அதுல உட்கார்ந்தது யாருன்னு நெனைக்கிறீங்க, ஆஸ்டன் சேம்பர்லின், இந்தியாவுக்கான பிரிட்டிஷ் மந்திரி! பிகானேர் மகாராஜாவும் எஸ்.பி. சின்ஹாவும் கூட போனாங்க, அவங்களை அனுப்புனதும் சர்க்கார்தான், நம்ம ஜனங்க இல்ல. அதே வருஷம் போர்ச் செலவுக்கு இந்தியா 10 கோடி பவுண்டு "அன்பளிப்பு" வேற. அந்தப் பக்கம் தென்னாப்பிரிக்காவுல இருந்து வந்த ஸ்மட்ஸ்னு ஒருத்தர், அங்க நடந்த போயர் போர்ல பிரிட்டிஷ்காரங்களோடயே சண்டை போட்ட தளபதி, அவரை பிரிட்டிஷ் போர் அமைச்சரவைக்குள்ளயே சேர்த்துக்கிட்டாங்க.

1939லயாவது மாறுச்சான்னு பார்த்தா, செப்டம்பர் 3ம் தேதி வைஸ்ராய் லின்லித்கோ இந்தியத் தலைவர்கள் ஒருத்தரையும் கேக்காம இந்தியா போர்ல இருக்குன்னு அறிவிச்சுட்டார், காங்கிரஸ் மந்திரிசபைங்க எல்லாம் ராஜினாமா பண்ணுச்சு, மெட்ராஸ்ல ராஜாஜியும்தான். 1942ல நம்ம ஆற்காடு ராமசாமி முதலியாரை லண்டன் போர் அமைச்சரவைக்கு அனுப்புனாங்க, அவரையும் ஜனங்க தேர்ந்தெடுக்கல.

இதுக்கு ஒரு ரெண்டு நிமிஷம் ஒதுக்குங்கப்பா. தம்ப்நெயில்ல எம்டனையே வச்சுக்கோங்க, வியூஸ் வேணும்ல.