மொத்த எடையையும் பழைய வரைபடத்தையும் நம்பி அனுமதி தராதீர்கள்

புதைகுழாய்களைப் பராமரிக்கும் பொறியாளர்களுக்கும், அவற்றின் மேல் கனரக வாகனங்கள் கடக்க அனுமதி வழங்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

ஒரு கிரேனோ டிரெய்லரோ குழாய்ப் பாதையைக் கடக்க வேண்டும் என்று விண்ணப்பம் வரும்போது, முடிவு பெரும்பாலும் இரண்டு எண்களை வைத்தே எடுக்கப்படுகிறது. ஒன்று வண்டியின் மொத்த எடை. மற்றொன்று, குழாய் போட்ட காலத்து வரைபடத்தில் இருக்கும் ஆழம். அடியில் இருக்கும் குழாய் என்ன தாங்கப்போகிறது என்பதை இந்த இரண்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

எட்டு அச்சுகளில் பரவிய பெரிய எடையைவிட, இரண்டே அச்சுகளில் இறங்கும் சிறிய எடை குழாய்க்கு அதிகத் தொல்லை தரலாம். அதனால் ஒவ்வொரு அச்சின் எடையையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

ஆழம்தான் இதைவிடப் பெரிய விஷயம். 1885-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் பூசினெஸ்க் தந்த தீர்வின்படி, ஒரு புள்ளியில் இறங்கும் பாரத்தால் அதற்கு நேர் கீழே மண்ணில் உண்டாகும் அழுத்தம், ஆழத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. ஒரு சக்கரத்தில் 50 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 5 டன், இறங்குகிறது என்று வையுங்கள். 90 செ.மீ. ஆழத்தில் அது சுமார் 29 கிலோபாஸ்கல் அழுத்தம் தரும். 60 செ.மீ. ஆழத்தில் அதே சக்கரம் 66 கிலோபாஸ்கல் தரும். அந்த 60 செ.மீ. மண்ணின் சொந்த எடையோ 11 கிலோபாஸ்கல் அளவுதான். வண்டி குலுங்கி ஓடினால் அதற்கும் சேர்த்துக் கூட்ட வேண்டும்.

வரைபடத்தில் 90 என்று இருக்கும் இடம் இன்றும் 90-ஆக இருக்கிறதா? மழை அரித்திருக்கலாம், உழுது சமப்படுத்தியிருக்கலாம். ஈர மண்ணில் லாரிகள் போய்ப் போய் 20 செ.மீ. பள்ளம் விழுந்தாலே அழுத்தம் ஒன்றரை மடங்குக்கும் மேல் போய்விடும். அனுமதி தந்த நாளில் சரியாக இருந்த கணக்கு, ஐம்பதாவது லாரிக்குச் சரியாக இருக்காது. இது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது, ஏனென்றால் பள்ளம் விழுவதை யாரும் கணக்கில் திரும்ப ஏற்றுவதில்லை.

கணக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. மண் பாரத்தில் குழாய் எவ்வளவு நசுங்கும் என்று கணிக்க அமெரிக்கப் பொறியாளர் ஸ்பாங்லர் 1941-இல் தந்த சூத்திரமும், 1958-இல் அவரும் பொறியாளர் வாட்கின்ஸும் அதைத் திருத்திய வடிவமும் இன்றும் பயன்படுகின்றன. ஆனால் அதில் குழாயின் பக்கவாட்டு மண் எவ்வளவு விறைப்பானது என்று ஓர் எண் போட வேண்டும். பெரும்பாலும் அட்டவணையிலிருந்து எடுத்துப் போடுகிறோம். நன்றாக இடித்து நிரப்பிய மணலும், அவசரத்தில் தள்ளி மூடிய களிமண்ணும் ஒன்றா? அந்த இடைவெளியை அளவீடு மட்டுமே அடைக்கும்.

அடிக்கடி கனரக வண்டிகள் கடக்கும் இடங்களில் குழாயைத் திறந்து, மேல், கீழ், இரு பக்கம் என நான்கு இடங்களிலாவது ஸ்ட்ரெயின் கேஜ் (உலோகம் எவ்வளவு நீள்கிறது, சுருங்குகிறது என்று அளக்கும் சிறு உணரி) ஒட்டுங்கள். சுற்றுத் திசையில் ஒன்று, நீளத் திசையில் ஒன்று என ஜோடியாக வேண்டும். கேஜ் ஒட்டச் சுரண்டிய பூச்சைப் பழையபடி போட்டு முடிக்காமல் மண்ணை மூடக் கூடாது, இல்லையென்றால் அரிப்புக்கு நாமே வழி திறந்ததாகும். மண் நிரப்பும் முன்பு ஒரு அளவு, நிரப்பி இடித்த பின் ஒரு அளவு. அப்புறம் எடை போட்ட ஒரு லாரியை ஊர்ந்தும், வழக்கமான வேகத்திலும், பிரேக் போட்டும் ஓட்டிப் பாருங்கள். குழாயின் மேலேயே நிறுத்தியும் பாருங்கள்.

மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் ஒரு சக்கரம் ஒரு மீட்டரை 0.1 நொடியில் தாண்டிவிடும். கேஜ் காட்டுவதை நிமிடத்துக்கு ஒருமுறை பதியும் லாகர் கருவி அதைப் பார்க்கவே பார்க்காது. நொடிக்குச் சில நூறு பதிவுகளாவது வேண்டும். ஸ்டீலில் 100 மைக்ரோஸ்ட்ரெயின், அதாவது நீளத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மாற்றம், என்பது ஏறக்குறைய 20 மெகாபாஸ்கல் தகைவு (ஸ்டீலுக்குள் ஓர் அலகுப் பரப்பில் எழும் விசை). ஒருமுறை வந்தால் அது சிறியது. ஆனால் பழைய வெல்டிங் உள்ள குழாயில் அது தினமும் பல நூறு தடவை வந்து போனால் களைப்புக் கணக்கையும் (திரும்பத் திரும்ப வரும் சுமையால் விரிசல் விடுமா என்பதை) பார்த்தாக வேண்டும்.

உள்ளழுத்தம் முழுதாக இருக்கும்போதும், குறைந்திருக்கும்போதும் சோதியுங்கள். அழுத்தம் குழாயை வட்டமாகப் பிடித்து வைக்கிறது, அதனால் காலியான குழாய்தான் அதிகம் நசுங்கும். அதே சமயம் அழுத்தம் ஸ்டீலின் வலிமையில் ஒரு பங்கை முன்பே எடுத்துக்கொள்கிறது. இரண்டில் எது ஆபத்து என்பது குழாய்க்குக் குழாய் மாறும்.

மண்ணில் புதைத்து அழுத்தத்தை அளக்கும் கருவியான மண் அழுத்த செல்லை மட்டும் நம்ப வேண்டாம். சுற்றியுள்ள மண்ணைவிட விறைப்பாக இருந்தால் அது பாரத்தைத் தன் பக்கம் இழுத்து, இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். தவிர, தோண்டி மூடிய மண் பழைய மண் அல்ல. எனவே ஒரு மழைக்காலம் கழிந்த பின் அதே லாரியைக் கொண்டு மறுபடி அளப்பது அவசியம்.

கடைசியாக ஒரு கோரிக்கை. கிடைத்த அளவுகளை அலமாரியில் பூட்டாமல் வெளியிடுங்கள். அவற்றோடு அன்றைய மூடுமண் ஆழம், மண் வகை, ஈரம், குழாயின் விட்டம், சுவர்த் தடிமன், உள்ளழுத்தம், அச்சு எடைகள் எல்லாம் இருக்கட்டும். இவை இல்லாத எண்ணை வேறொரு குழாய்க்கு யாராலும் பயன்படுத்த முடியாது.

இப்படிக்கு,
புதைகுழாய் அளவீட்டில் பணிபுரியும் ஒரு பொறியாளர்