மலைமேல் இடிபாடுகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலைமேல் உள்ள பழங்கால இடிபாடுகளை ஒரே நாளில் பார்த்துத் திரும்ப நினைப்பவர்கள் தூரத்தை மட்டும் கணக்கில் வைத்து, ஏற்றத்தை விட்டுவிடுகிறார்கள். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் தந்த கணக்கு இன்றும் கைகொடுக்கிறது: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம். ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி. அதன்படி 10 கி.மீ. தூரம், 900 மீட்டர் ஏற்றம் என்றால் உச்சிக்கே மூன்றரை மணி நேரம் ஆகும், அதுவும் உட்காராமல் நடந்தால். சுற்றிப் பார்க்க ஒன்றரை, இறங்க மூன்று. மொத்தம் எட்டு மணி நேரம். ஆகவே திரும்பும் நேரத்தைக் கிளம்பும்போதே முடிவு செய்யுங்கள். உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் அந்த நேரத்தில் திரும்பிவிட வேண்டும்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர். வெயிலில் இன்னும் கூடுதல். தலையில் கட்டும் விளக்கு அவசியம். கைபேசி வெளிச்சத்தை நம்பினால், பாறையைப் பிடிக்க ஒரு கை குறையும். இறங்கும் முன் ஷூ கயிற்றைக் கணுக்காலருகே இறுக்குங்கள். இல்லையேல் பாதம் முன்னே சரிந்து, விரல் நுனி இடித்து நகம் கறுத்துவிடும்.

இடிந்த சுவர்மேல் தயவுசெய்து ஏறாதீர்கள். சாந்தில்லாமல் அடுக்கிய சுவரைப் பெருங்கற்களுக்கிடையே செருகிய சில்லுக்கற்களும் சேர்ந்துதான் தாங்குகின்றன. ஒன்று நழுவினால் அடுத்த மழைக்கே ஒரு வரிசை சரியும். உடைந்த பானை ஓடுகளையும் எடுக்காதீர்கள். கிடந்த இடத்தை விட்டு நகர்ந்த ஓடு ஆய்வாளருக்குப் பாதி ஊமை.

இப்படிக்கு,
மலைப்பாதை வழிகாட்டிகள்