பட்டர்வொர்த் கோப்பிக் கடையில் பார்த்த ஐயாவுக்கு நன்றி

என் தம்பி பட்டர்வொர்த் விமானப்படைத் தளத்தில் ஹார்னெட் போர் விமானத்தின் விமானி. கழுத்து வலியை மாதக்கணக்கில் மறைத்து வந்தான். மருத்துவரிடம் சொன்னால் பறக்க விடமாட்டார்களே என்ற பயம். போர் விமானிகள் பலருக்கும் உள்ள பயம்தான் இது.

பக்கத்து மேசையில் இருந்த நீங்கள், நாங்கள் கூப்பிட்டதும் அவன் கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு சேர்ந்து திரும்பியதைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டீர்கள். "விமானம் ஏழு ஜி விசையோடு திரும்பும்போது தலையும் தலைக்கவசமும் ஏழு மடங்கு கனக்கும், தம்பி. அந்த நேரத்தில் பின்னால் பார்த்தால் எந்தக் கழுத்து தாங்கும்? இப்போதே சொன்னால் சிகிச்சை. மறைத்தால் வேலைக்கே ஆபத்து" என்றீர்கள்.

நாங்கள் கெஞ்சியும் அசையாதவன் மறுநாளே தள மருத்துவரிடம் போனான். இப்போதைக்குப் பறக்கவில்லை, கழுத்துப் பயிற்சி நடக்கிறது. அம்மா நிம்மதியாகத் தூங்குகிறார். ஐயா, கோடி நன்றி. ஒரு வேளை சாப்பாட்டுக்கு அவசியம் வீட்டுக்கு வர வேண்டும்.